அப்பா சொன்ன அரசு வேலை

கச்சிராயபாளையம்,
ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு, அப்பா எழுதச் சொல்லி ஷீபா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே மூவரும் சுகம், இங்கிலாந்துக் குளிரில் நீ தலைக்குக் குல்லா போடுகிறாயா என்று அம்மா முதலில் கேட்கச் சொன்னாள். போனில் பேசினால் காற்றோடு போய்விடும், இந்தச் சேதி காகிதத்தில் இருக்கவேண்டும் என்று அப்பாவே போய் உறை வாங்கி வந்தார்.

நீ அங்கே ரயிலில் கார்டாகச் சேர்ந்தபோது, ரயில் என்றால் அரசாங்கம்தானே என்று நினைத்து, பூசை முடிந்து வருகிறவர்கள் வரை எல்லோரிடமும் மகளுக்கு கவர்மெண்ட் வேலை என்று அப்பா சொல்லிவிட்டார். அங்கே ரயில் விடுவது ஒரு கம்பெனி என்று ஒரு மாதம் கழித்துத்தான் நீ சொன்னாய், அதற்குள் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க அவருக்கு வாய் வரவில்லை. மூன்று வருடமாகக் கரும்பு மேஸ்திரி பொன்னுரங்கம் மாமா மின்வாரியத்தில் இருக்கும் தன் மகனைப் பற்றி ஆரம்பித்தாலே அப்பா பேச்சை அணைத் தண்ணீருக்கு மாற்றிவிடுவார். போன மாதம் கம்பெனியின் ஒப்பந்தம் முடிகிறது, ரயில் தேசியமயமாகப்போகிறது என்று நீ சொன்னதும், உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குச் சோறே இறங்கவில்லை, தேசியமயம் என்றால் என்னவென்று என்னை நூலகத்தில் பார்த்துவரச் சொன்னார்.

அரசாங்கமே ரயிலை எடுத்துக்கொண்டது, ஒருவரையும் நிறுத்தவில்லை என்று நீ அனுப்பியதை வயலில் போய் வாசித்துக் காட்டினேன். மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு ஜாங்கிரி வாங்கிக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, "மூணு வருசமா நான் சொல்லிக்கினு இருந்தது பொய்யிங்க, இன்னிக்குத்தான் அது நெசமாச்சி" என்றார். பொன்னுரங்கம் மாமா இரண்டாவது ஜாங்கிரியை எடுத்துக்கொண்டே, அது கம்பெனி ரயில் என்று தன் மகன் அப்போதே போனில் பார்த்துச் சொல்லிவிட்டான், அப்பா சந்தோஷமாக இருந்தார், அதை ஏன் கெடுப்பது என்று விட்டுவிட்டோம் என்றார். அப்புறம், "இன்னாயா தைரியநாதா, நீ சொன்ன பொய்ய நெசமாக்கவே அந்த ஊரு கவர்மெண்டு ரயில வாங்கிடுச்சா?" என்று கேட்டார். கடையே சிரித்தது, எல்லோரையும்விட அப்பா அதிகம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை அக்கா.

ஆனால் நான் படித்தவரையில் இனி ரயில் விடுவது அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம், நீ நம் ஊர் அரசு ஊழியரைப் போல முழுக்க ஆகிவிடவில்லை. இதை அப்பாவிடம் சொன்னேன். கடிதத்தில் எழுது, கடையில் சொல்லாதே என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பரவாயில்லை, கடையிலும் சொல்லு என்றார்.

வேளைக்குச் சாப்பிடு, ஓடுகிற வண்டியில் ஏறாதே, வேலையில் புதுச் சட்டை கொடுத்தால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு. அவர்களுடைய பெரிய பாப்பா நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருடம் இருக்கவேண்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறார்கள். கீழே உள்ளது அப்பாவே எழுதியது.

இப்படிக்கு,
சூ. தைரியநாதன்
ரயில்வே கார்டின் அப்பா