சேலம் பக்கம் பிளஸ்

முப்பத்தெட்டு விடைத்தாள்கள் மேசைமேல் கிடக்கின்றன. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வைத்த வகுப்புத் தேர்வு. ஐந்தாவது கேள்வி நம் இருவருக்கும் நன்றாகப் பழகிய கணக்கு. 0.15 கிலோகிராம் நிறையுள்ள பந்து வினாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் மட்டையை நோக்கி வருகிறது. மட்டையில் பட்டு, வந்த வழியே முப்பது மீட்டர் வேகத்தில் திரும்பிப் போகிறது. பந்தின் உந்தம் எவ்வளவு மாறியது? எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டேன், இருபத்தொன்பது பேர் முப்பதிலிருந்து இருபதைக் கழித்து, பத்தை வைத்துப் பெருக்கி, ஒன்றரை என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறார்கள்.

வந்த பந்து முதலில் நிற்க வேண்டும், அதற்கு ஓர் இருபது. பிறகு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும், அதற்கு முப்பது. ஆக ஐம்பது, விடை ஏழரை. கரும்பலகையில் மூன்று நாள் இதைத்தான் கத்தினேன். பந்தைக் கொண்டுபோய்ச் சுவரில் அடித்தும் காட்டினேன். பந்து சன்னல் வழியாக வெளியே போனதுதான் மிச்சம். பத்துத் தாள் திருத்தியதும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஒரே இடத்தில் ஒரே சுழியைத் திரும்பத் திரும்பப் போடத் தெம்பில்லை. உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. எழுதி எங்கே அனுப்புவது என்று கேட்காதே. நீ போன ஆடியிலிருந்து இதை எழுத வேண்டும் என்றிருக்கிறேன், இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

மொரப்பூர் ஸ்டேஷன் சிமெண்ட் பெஞ்சு ஞாபகம் இருக்கிறதா? தனியார் பள்ளியில் நாலரைக்கு நம்மை விடுவார்கள். நீ ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாய், நான் எட்டுக்கு அறிவியல். எம்.எஸ்சி. இயற்பியல் படித்த இரண்டு பேருக்கு அங்கே கிடைத்தது அவ்வளவுதான். எனக்கு ஆறேகாலுக்கு ரயில். உனக்கு அதற்கு முன்னாலேயே கம்பைநல்லூர் பஸ் உண்டு, ஆனால் நீ ஏற மாட்டாய். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு இருவரும் படித்துக்கொண்டிருந்தோம். எனக்கு மூன்றாவது முறை, உனக்கு இரண்டாவது. அந்த ஒன்றேமுக்கால் மணி நேரம் அந்த பெஞ்சுதான் நமக்குப் பள்ளிக்கூடம்.

நோட்டைத் திறந்ததும் நான் எண்களைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். நீ என் பேனாவைப் பிடுங்குவாய்.

"மொதல்ல பக்கம், அப்பறம் நம்பர்" என்பாய். "எந்தப் பக்கம் பிளஸ்ஸுன்னு சொல்லாம எழுதுனீன்னா கைய ஒடிச்சிருவன்."

தண்டவாளம் எதிரிலேயே இருந்ததால் நீயே ஒரு சட்டம் போட்டாய். சேலம் பக்கம் பிளஸ், ஜோலார்பேட்டை பக்கம் மைனஸ். அதன்பிறகு நம் கணக்குகளில் வந்த பந்து, கார், துப்பாக்கிக் குண்டு எல்லாம் அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடின. ஒருமுறை புத்தகத்தில் "கிழக்கு நோக்கிச் செல்லும் லாரி" என்று இருந்தது. "இந்த லாரி சேலம் போவுதா, ஜோலார்பேட்டை போவுதா?" என்று நீ கேட்டது காதில் விழுந்ததும் பக்கத்து பெஞ்சுக் கிழவர், "எந்த லாரிம்மா? லோடு எதுனா ஏத்தணுங்களா?" என்று விசாரித்தார். நீ சிரித்த சிரிப்பில் அந்தக் கணக்கு அன்றைக்கு முடியவே இல்லை.

மோதல் பாடத்தில் நமக்கு எது வராதோ அதற்கெல்லாம் நீ கண்ணுக்கு முன்னால் ஒன்றைக் காட்டுவாய். நின்றிருந்த சரக்கு ரயில் கிளம்பும்போது ஒவ்வொரு பெட்டியாக டக் டக்கென்று சத்தம் கடைசிவரை ஓடும். "பாத்துக்க. ஒவ்வொண்ணா சேத்துக்கிட்டுப் போவுது. ஒட்டிக்கிட்ட பின்னாடி எல்லாத்துக்கும் ஒரே வேகம்" என்றாய். கணத்தாக்குக்கு உங்கள் மாந்தோப்பு. உன் அப்பா மரத்திலிருந்து போடும் காயை நீ சிறுமியாக இருந்தபோது கையில் பிடித்திருக்கிறாய். கையை விறைப்பாக வைத்தால் உள்ளங்கை காந்தும், காயோடு சேர்த்துக் கையைக் கீழே இறக்கினால் வலிக்காது. நிற்கிற நேரம் கூடினால் விசை குறையும் என்று எழுதினால் பிள்ளைகளுக்கு ஏறுவதில்லை. இன்றும் நான் வகுப்பில் மாங்காயைத்தான் சொல்கிறேன், யாருடைய மாங்காய் என்று சொல்வதில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் எழுத வந்தது.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. உனக்குத் தருமபுரியில் மையம், எனக்குச் சேலத்தில். முந்தின நாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை என்பதால் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் சின்னவளுக்குக் காய்ச்சல். அவளை மடியில் போட்டுக்கொண்டு, அடுப்பையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு நீ கணக்குப் போட்டாய். உன் அம்மா களி கிண்டிக்கொண்டே, "ஏங்கண்ணு, இந்த வாட்டியாச்சும் ரெண்டு பேருக்கும் கெடச்சிருமா?" என்று என்னைக் கேட்டார். கிடைக்கும் என்றேன். இடங்கள் கொஞ்சம்தான், நாம் இருவரும் ஒரே பிரிவில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மாதிரித் தேர்வு எழுதிய ஒவ்வொரு முறையும் நீ என்னைவிட நாலைந்து மதிப்பெண் கூட வாங்குவாய் என்பதும் தெரியும்.

இந்தப் பந்துக் கணக்கைத்தான் அப்போது போட்டாய். இதே இருபது, இதே முப்பது. உன் வீட்டுச் சமையலறையில் தண்டவாளம் இல்லை. சேலம் எந்தப் பக்கம் என்று நீ பார்க்கவும் இல்லை. முப்பதில் இருபதைக் கழித்தாய், பெருக்கினாய், ஒன்றரை என்று எழுதினாய். எம்.எஸ்சி. படித்தவள் இதில் தப்புவாளா என்று யாராவது கேட்கலாம். காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போடச் சொல்லுங்கள், தெரியும்.

நோட்டை என் பக்கம் தள்ளி, "சரியா இருக்குதாடி?" என்று கேட்டாய்.

நான் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவும் செய்தேன். அந்த ஒரு நொடியில் எனக்குள் என்ன ஓடியது என்று பல தடவை யோசித்துவிட்டேன். பெரிய சதித்திட்டம் ஒன்றும் இல்லை. களைப்பாக இருந்தேன். மூன்றாவது முறையும் தோற்றுத் திரும்பி அந்த எட்டாம் வகுப்புக்குள் நுழைவதை நினைத்தேன். "ம்" என்றேன். நீ பக்கத்தைத் திருப்பிவிட்டாய். உன் அம்மா களியைத் தட்டில் போட்டார், கீரைக் குழம்பை ஊற்றினார், நான் சாப்பிட்டேன்.

மறுநாள் வினாத்தாளில் அது வந்தது. மட்டைக்குப் பதில் சுவர், எண்கள் வேறு, மற்றபடி அதே கணக்கு. கூட்டாமல் கழித்தால் வருகிற விடையும் நான்கு விடைகளில் ஒன்றாக அச்சிட்டிருந்தது. நான் சரியானதைக் குறித்துவிட்டு, தருமபுரியில் நீ இந்நேரம் எதைக் குறிப்பாய் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். இதை அழகாக எழுத எனக்குத் தெரியவில்லை. சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்தது. உனக்கு இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. அந்த இரண்டில் ஒன்று நான் எடுத்தது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். வேலையில் சேர்ந்த நாளில் நீ இரண்டு பஸ் மாறி என்னோடு வந்தாய். தலைமையாசிரியர் அறையில் நான் கையெழுத்துப் போடும்வரை வராந்தாவில் நின்றாய். "இனிமே நாங்கல்லாம் வாங்க டீச்சருங்கன்னு சொல்லணுமா?" என்று கேலி செய்தாய். நான் சிரிக்காததற்கு, "வேலை கெடச்சதும் மொகரையப் பாரு" என்று இடித்தாய். அடுத்த தேர்வுக்கு நீ விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உன்னைப் பார்க்க வருவதைக் குறைத்துக்கொண்டேன். பள்ளியில் வேலை அதிகம் என்று சொன்னேன். அரசுப் பள்ளியில் வேலை அதிகம் என்றால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஏழு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று முறை உன்னைப் பார்த்தேன். மூன்று முறையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். கடைசி முறை நீ பாதிக் கண்ணைத் திறந்து, "இப்ப என்ன பாடம் ஓடுது?" என்று கேட்டாய். மோதல் என்றேன். "அந்த மைனஸ்ல புள்ளைங்க விட்ருவாங்கடி. பாத்துச் சொல்லிக்குடு" என்றாய். தெரிந்துதான் குத்துகிறாய் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நிற்கிற நேரம் கூடினால் விசை குறையும் என்று நாம் எத்தனை பக்கம் எழுதியிருப்போம். உன் நோய் பதினாலு மாதம் எடுத்துக்கொண்டது. யாருக்கும் எந்த வலியும் குறையவில்லை.

போன ஞாயிறு உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வாசலிலேயே எழுந்து நின்றுகொண்டு, "வாங்க டீச்சருங்க, உள்ள வாங்க" என்றார். பத்து வருஷம் கண்ணு என்று கூப்பிட்டவர். நீ கேலியாகச் சொன்னதை அவர் நிஜமாகவே சொல்கிறார். உட்காருங்கம்மா என்று நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உன் சின்னவள் வளர்ந்துவிட்டாள், என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். உன் அம்மா பீரோவிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார்.

"அவ நோட்டுங்க. பழைய பேப்பருக்குப் போட மனசு வர்ல. எங்களுக்கு இதுல ஒண்ணும் வெளங்காதுங்க. உங்களுக்குத்தான் ஒதவும், எடுத்துக்கிட்டுப் போங்க."

வாங்கி வந்து நாலு நாள் திறக்காமல் வைத்திருந்தேன். இன்று விடைத்தாளை ஒதுக்கிவிட்டுத் திறந்தேன். அந்தப் பக்கத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, தேர்வுக்கு முந்தின நாளோடு நோட்டு நின்றுவிட்டது.

முப்பதில் இருபதைக் கழித்த வரியை நீ சிவப்பில் அடித்திருக்கிறாய். அதற்குக் கீழே ஓர் அம்பு வரைந்து, அதன் தலையில் "சேலம்" என்று எழுதியிருக்கிறாய். முப்பதும் இருபதும் ஐம்பது. ஏழரை. நான் களி தின்றுவிட்டுக் கிளம்பிய பிறகு எப்போதோ உட்கார்ந்து நீயே கண்டுபிடித்திருக்கிறாய். அப்படியென்றால் மறுநாள் அந்தக் கேள்விக்குச் சரியாகத்தான் குறித்திருப்பாய். உன் இரண்டு மதிப்பெண்ணும் வேறெங்கோ போயிருக்கின்றன. அதில் எதையும் நான் எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக நான் எதை நினைத்து உன் வீட்டுப் பக்கம் வரத் தயங்கினேனோ, அது நடக்கவே இல்லை. பாரம் இறங்கும் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கிறாய்.

"அவளும் பாத்துட்டு சரின்னா. அவளுக்கும் இதே தப்பு இருக்குது. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடணும், நாளைக்கு இந்தக் கணக்கு வந்துட்டா விட்ருவா."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நீ இரண்டு முறை கூப்பிட்டாய். ஆறு மணிக்கு ஒரு தடவை, ஆறரைக்கு ஒரு தடவை. போன் என் கையில்தான் இருந்தது. உன் பெயரைப் பார்த்தேன். கணக்கில் சந்தேகம் கேட்கத்தான் கூப்பிடுகிறாய், கேட்டுவிட்டால் பொய் சொல்ல முடியாது, சொல்லித்தான் தீர வேண்டும் என்று பயந்து, மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மேலே இவ்வளவு எழுதியபோதும் சொல்லாமல் தாண்டிவிட்டேன்.

மதிப்பெண்ணை நான் இனிச் சுமக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு அழைப்புகளைச் சுமக்கிறேன். தப்பு கண்ணில் பட்டதும் உனக்கு என் ஞாபகம் வந்தது, ஒரே இடத்துக்கு இருவரும் நிற்கிறோம் என்று தெரிந்தும் வந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை இறக்கிவிட்டு, எனக்குச் சொல்வதற்காக நீ போனை எடுத்திருக்கிறாய்.