நான்கு முடியும் ஒரு முகமும்

கொஸ்லந்த,
18.1.1986

அன்பு மர்லியா,

இன்று காலை எழுந்ததும், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், கத்தரிக்கோலை எடுத்து நீ அனுப்பிய படங்களில் நான்கு பெண்களின் தலைமுடியையும் வெட்டி எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே. படங்கள் வந்த நாளிலிருந்து ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டிருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

முடி போன முகங்களை மேசையில் வரிசையாக வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றினேன். திறந்து பார்த்தால் யார் எவள் என்று தெரியவில்லை. ஜப்பானில் இதை வரைந்தவரைக் கூட்டிவந்து கேட்டாலும் அவருக்கும் தெரியாது.

அண்ணன் போனபிறகு இந்த வீட்டில் நானும் மதினியும்தானே. நான் எத்தனை சொல்லியும் மதினி தேயிலைக் கொழுந்தெடுக்கப் போவதை விடவில்லை. மலைக்குப் புறப்பட்டவள் எட்டிப் பார்த்து, “ஏன் புள்ள, நாலும் ஒரே வயித்துல பொறந்ததுகளா? எல்லாம் ஒரே முழி முழிக்குதுங்க. எதையாச்சும் பாத்துப் பயந்துருச்சுங்களா?” என்றாள்.

உங்கள் ஒலிப்பதிவுக்கூடம் ‘மாயவளையல்’ என்ற ஜப்பான் கார்ட்டூனைத் தமிழாக்கித் தொலைக்காட்சிக்குக் கொடுக்கப்போகிறது, சித்திரம் படிப்பிக்கிறவள் என்பதால் என் அபிப்பிராயம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். கேட்டுவிட்டாய். அனுபவி.

கண்கள் முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டன. மூக்குக்கு இடம் மிஞ்சாமல் ஒரு புள்ளி. ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் மூன்று வெள்ளை வட்டம். அந்த ஊரில் மூன்று சூரியனா? இடுப்பு கழுத்தைவிட மெலிசு. கை வரைவது கஷ்டம் என்று கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். பாதம் வரைவது அதைவிடக் கஷ்டம், அதனால் பூட்ஸ். வீரம் உள்ளவள், படிப்பாளி, வாயாடி, அழுமூஞ்சி என்று ஓரத்தில் குணங்களை எழுதியிருக்கிறார்கள். எழுதத்தானே வேண்டும், முகத்தில் இல்லாதபோது? வளையலைச் சுழற்றினால் மந்திர சக்தி வந்து உடுப்பு மாறுமாம். அவ்வளவு சக்தி இருந்தால் முதலில் ஆளுக்கொரு மூக்கை வரவழைத்திருக்கலாம். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படி வரைந்து தந்தால், யாரைப் பார்த்து வரைந்தாய் என்று கேட்பேன். இவர் யாரையும் பார்க்கவில்லை. கோடு மட்டும் சுத்தமாக ஓடுகிறது. பார்க்காதவர்களுக்கு அது எப்போதும் சுத்தமாகத்தான் ஓடும்.

ஆனால் கட்டின் அடியில் ஐந்தாவது தாள் ஒன்று இருந்தது. இந்த நால்வருக்கும் பெட்டி சுமக்கும் வேலைக்காரி. கறுப்பி, சின்னக் கண், பரந்த மூக்கு. சிரிப்புக்காகப் போட்டது தெரிகிறது. அவளுக்கு வளையல் கிடையாது. ஆனால் மர்லி, முகம் இருக்கிறது. பாரத்துக்குப் பழகிய கழுத்து கொஞ்சம் முன்னுக்கு நீண்டிருக்கிறது. கூடைக் கயிற்றைத் தலையில் போட்டு வருஷக்கணக்காகக் கொழுந்து சுமந்த என் அம்மாவின் கழுத்து அப்படித்தான் இருந்தது. அழகாக வரையத் தேவையில்லை என்று நினைத்த இடத்தில்தான் அந்த மனிதர் யாரோ ஒருத்தியை உண்மையாகப் பார்த்திருக்கிறார். அவளை நான் வெட்டவில்லை. அவள் பெயர் என்ன? தாளில் இல்லை.

நான்கு முடியையும் தனி உறையில் வைத்திருக்கிறேன். யாருக்கு எது என்று நீயே பார்த்து ஒட்டிக்கொள்.

உன்,
பெரியாயி


கொழும்பு – 12,
27.1.1986

என் ஆயிக்கு,

பாவி! முதலாளியிடம் இருந்த ஒரே பிரதியடி அது. உறையைத் திறந்ததும் நாலு விக் மடியில் விழுந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பசையும் கையுமாக உட்கார்ந்தேன். எது எவளுடையது என்று எனக்கும் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒட்டி மேசையில் வைத்துவிட்டேன். முதலாளி அந்தப் படங்களைப் பார்க்கிறார், எடுக்கிறார், வைக்கிறார், முடி மாறியது தெரியவில்லை. நேற்று விளம்பரம் தருபவர்கள் வந்தபோது, “பாருங்க, நாலும் நாலு விதமான கேரக்டர்!” என்று விரித்துக் காட்டினார். எனக்கு இருமல் வந்துவிட்டது. நீ ஜெயித்தாய், போ.

ஆனாலும் இவ்வளவு ஏளனம் ஆகாது ஆயி. என் சின்ன மகள் இனாயா அந்தப் பச்சை முடிக்காரிக்காக உயிரை விடுவாள். குழந்தைகள் மூக்கைத் தேடுவதில்லை. நம் காலத்தில் இதுவும் இல்லாமல்தானே இருந்தோம்?

நால்வருக்கும் சுடர்விழி, ஒளிமதி, மின்னற்கொடி, தாரகை என்று பெயர் வைத்திருக்கிறேன். நல்ல வானொலித் தமிழ் பேசுவார்கள். உனக்குப் பிடித்த வேலைக்காரிக்கு ஜப்பான்காரர் பெயரே வைக்கவில்லை. நான் வைத்தேன். சொல்லட்டுமா? பெரியாயி! அவள் தோட்டத்துத் தமிழ் பேசுவாள். இந்த டீவிப் பெட்டி வந்த நாளிலிருந்து அதில் நம் மலைநாட்டுப் பேச்சை ஒருநாளாவது கேட்டாயா? நான் கேட்டதில்லை. நான் கொண்டுவருகிறேன், பார்.

குரல் கொடுப்பது சிவஞானம் மாஸ்டர். வானொலி நாடகத்தில் பெண்போலக் கீச்சிட்டுச் சிரிக்கவைப்பாரே, அவரேதான். முன்னோட்டத்துக்காக ஒரு துண்டு பதிவாகிவிட்டது. சேற்றில் வழுக்கி விழுந்து, “ஐயையோ தொரசானி, எம் பொட்டி போச்சே!” என்கிறாள். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப்போல இன்னும் நிறைய வேண்டும். பதுளைக் கடைவீதியில் வாப்பாவின் புடவைக்கடையில் நின்று காதில் விழுந்ததற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நீ எழுதித் தா. சிரிப்பாக இருக்கட்டும்.

மதினிக்கு என் அன்பைச் சொல். உன் திட்டையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும்,
மர்லியா


கொஸ்லந்த,
5.2.1986

மர்லியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு நலம்.

பதுளையில் நாம் படித்த பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்த அன்று, ‘பெரியாயி என்பது தோட்டத்து லயத்துப் பெயர், மேல்படிப்புக்கு ஆகாது’ என்று சொல்லிப் பெரியநாயகி என்று பதிந்தார்கள். அப்பா தலையாட்டினார். அன்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பெரியநாயகி, இந்தப் பள்ளிக்கூடத்திலும் பெரியநாயகி டீச்சர். வீட்டுக்கு வெளியே என்னைப் பெரியாயி என்று கூப்பிட்டவள் நீ ஒருத்தி. பேராதனை விடுதியில் ஒருத்தி, “இதென்ன பேர்?” என்று மூக்கைச் சுளித்தபோது, “உனக்கு வாய்க்காத பேர்” என்று சண்டைக்குப் போனவளும் நீ.

இப்போது ஓர் ஆண் பிள்ளை கீச்சுக் குரலில் அந்தப் பெயரோடு சேற்றில் விழுகிறார். அவர் விழும்போது சொல்வதற்குச் சிரிப்பான வசனத்தை நான் எழுதித் தரவேண்டும்.

ஜப்பான்காரரைத் திட்டினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருக்கிறது. அவர் அறியாதவர்களை ஒரே அச்சில் வார்த்தார், சோம்பல். நீ அறிந்த ஒருத்தியை எடுத்து அச்சில் போட்டாய். அதைச் சோம்பல் என்று சொல்லி உன்னைத் தப்பவிட எனக்கு மனமில்லை. மலைநாட்டுப் பேச்சைக் கொண்டுவருகிறாயாம். பெட்டி தூக்குகிறவளுக்கு மட்டும் கொண்டுவருகிறாய். சுடர்விழி ஏன் அப்படிப் பேசக்கூடாது? நீ வரையத் தெரிந்தவளாக இருந்தால் நீயும் கைகளை முதுகுக்குப் பின்னால்தான் வரைந்திருப்பாய்.

வசனம் அனுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
செ. பெரியநாயகி


கொழும்பு – 12,
16.2.1986

ஆயி,

கடைசியில் போட்டிருந்த கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், வெங்காயம் உரித்தேன். அழுதால் யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?

ஒரு காரணம் சொல்கிறேன், நீ ஏற்கவேண்டியதில்லை. கல்யாணமாகி இங்கே வந்தபிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஆளில்லை. கடித உறையில்கூட உன் பள்ளிக்கூடத்துப் பெயரைத்தான் எழுதுகிறேன். அந்தத் தாளில் பெயருக்கு இடம் காலியாக இருந்தபோது கை தானாக எழுதியது. பிறகு ஒலிப்பதிவுக்கூடத்தில் அதை வாசித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குக் காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

பெயரை மாற்றிவிடலாம். நீ சொன்னதுபோலச் சோம்பல் படம்தானே. வாய் திறக்கும், மூடும், வேறொன்றும் செய்யாது. எந்தச் சொல்லையும் எந்த வாயிலும் போடலாம். அவளுடைய வாய் பாதி நேரம் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. ராணி என்று போட்டுவிடவா? முன்னோட்டம் வருகிற சனிக்கிழமை டீவியில் போகிறது, அதை நிறுத்த என்னால் முடியவில்லை. ஆனால் முழுப் பதிவு ஏப்ரல் விடுமுறையில்தான். அதற்கு முன் ஒரு வார்த்தை எழுது. திட்டாவது எழுது.

மர்லியா


கொஸ்லந்த,
9.3.1986

மர்லி,

வேண்டுமென்றேதான் பதில் எழுதாமல் இருந்தேன்.

நீ சொன்ன காரணம் அழகாக இருந்தது, அதனால் நம்பவில்லை. காரணம் இல்லை என்று சொன்ன இடத்தைத் திரும்பப் படித்தபிறகு பாதி நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமை கடைக்கார லத்தீப் நானா தன் டீவியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். ஊர் முழுக்கக் கடை வாசலில். நான் போகவில்லை. வீட்டில் பிள்ளைகளின் கொப்பி திருத்துவதாகச் சொல்லி உட்கார்ந்திருந்தேன். மதினி போனாள். அவள் திரும்பி வந்து அழுவாள், நான் தேற்றுவேன், பிறகு உனக்கு இன்னொரு கடிதம் எழுதுவேன், அதோடு உன்னை முடித்துவிடுவேன் என்று எல்லாம் தயாராக இருந்தது. அந்தக் கடிதத்தின் முதல் வரிகூட மனதில் ஓடியது. நன்றாகவே இருந்தது.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தாள். சிரித்த கண்ணீர்.

“புள்ள, நம்ம பேச்சு பேசுது புள்ள அந்தப் பொட்டிக்குள்ள! பேரு என்னாங்கிற? ஒம் பேரு! ஒங்காத்தா இருந்திருக்கணும். கடையே கலகலன்னு ஆயிருச்சு. லத்தீப் நானா என்னயப் பாத்து, ‘இது நம்மட நல்லம்மா மாதிரியே ஈக்கிதே’ங்கிறாரு. போங்க நானா, ஒங்களுக்கு வேற வேலையில்லன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“ஒங்களுக்குக் கோவம் வரலியா மதினி?”

“எதுக்குக் கோவம்? சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. அந்த நாலும் பேசுனது ஒரு எழவும் வெளங்கல. இவ பேசுனதுதான் வெளங்குச்சு.”

படித்தவளின் கோபம் எவ்வளவு தனியாக உட்கார்ந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. மதினி முகம் கழுவப் போனவள் பாதியில் திரும்பி வந்தாள்.

“ஆனா ஒண்ணு புள்ள. சேத்துல விழுந்தவ எந்திரிச்சு ஒண்ணுமே சொல்லலியே? விழுந்தா நம்ம சும்மாவா எந்திரிப்போம்? அடுத்த மலைக்குக் கேக்குற மாதிரி திட்டிட்டுல்ல எந்திரிப்போம்.”

இது சனிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டு, “ஐயையோ தொரசானி!” என்று கீச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் பிள்ளைகள் கீச்சிட்டதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். லயத்துப் பிள்ளைகள்தான் எல்லோரையும்விட உரக்கக் கீச்சிட்டார்கள். வீட்டில் தாய் பேசுவதைப் பள்ளிக்கூடத்தில் சிரிப்பாக்கிக் காட்டலாம் என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது. சிவஞானம் மாஸ்டர் கற்றுக்கொடுத்துவிட்டார். என் பெயரும் அதில் ஓடியது. திரும்பிப் பார்க்காமல் நடந்து வகுப்புக்குள் போனேன். பெரியநாயகி டீச்சர் எதற்குத் திரும்ப வேண்டும்? அந்த நாலு பெண்களை மூக்கில்லாதவர்கள் என்று ஏளனம் செய்தவள் நான். அன்று என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே, ராணி வேண்டாம். ராணி என்று வைத்தால் ஐந்தாவது தலைக்கும் ஒரு விக் வைத்ததாகிவிடும். பெயர் இருக்கட்டும். பேச்சும் இருக்கட்டும். சேற்றில் விழுவதும் இருக்கட்டும். படத்தை நாம் மாற்ற முடியாது. எழுந்து நிற்கும்போது என்ன சொல்கிறாள் என்பதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இன்றுகூட விடிந்ததும் அதைத்தான் செய்தேன். ஒன்று சொல்கிறேன்:

“ஏன் தொரசானி, வளையலச் சுத்துனா வானத்துல பறக்குறீங்க. ஒங்க பொட்டிய நீங்களே தூக்குறதுக்கு அதுல மந்திரம் இல்லியா?”

மதினியிடம் படித்துக் காட்டவில்லை. அவள் பேச்சைத் திருடி எழுதியிருக்கிறேன். கேட்டால் இதைவிட மோசமாக ஒன்று சொல்லி என்னை வெட்கப்படுத்துவாள்.

உன் முதலாளி சிரிப்பார். சிரிக்கட்டும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை அவர் கவனிக்கமாட்டார். முடி மாறியதையே பார்க்காத கண். எந்தச் சொல்லையும் எந்த வாயிலும் போடலாம் என்று நீதானே எழுதினாய்? படத்தின் அத்தனை கோளாறுகளிலும் நமக்கு உதவக்கூடியது அது ஒன்றுதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. கொழும்பில் பஸ் நிற்கும் இடத்துக்கு நீ வர வேண்டும். அத்தனை சனத்துக்கு நடுவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுகிறாய் என்று கேட்டபிறகுதான் உன் வீட்டில் தங்குவதா இல்லையா என்று பார்ப்பேன்.

ஆமாம், வசனத்தைத் தபாலில் அனுப்பப்போவதில்லை. பள்ளிக்கூடம் மூடிய அடுத்த நாள், மொனராகலையிலிருந்து வரும் கொழும்பு பஸ்ஸில் ஏறப்போகிறேன். மதினிக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. இந்தத் தாளைப் பிரிக்கும்வரை உனக்கும் தெரியாது. சிவஞானம் மாஸ்டருக்கு வேறு ஏதாவது வேலை பார்த்துக் கொடு. அந்தப் பெண்ணுக்கு நான்தான் பேசப்போகிறேன்.

பெரியாயி