கிருமிகளுக்கு நான் நடத்திய கேன்டீன்

3-2-1979, சனி
தை பிறந்ததிலிருந்து புஷ்பவல்லி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பேச்சு உண்டு, ஆனால் காலண்டரைப் பார்த்து. "ரேஷனுக்குப் போய்ட்டு வாங்க" என்று காலண்டர் முருகனிடம் சொல்கிறாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். என்ன குற்றம் செய்தேன்?

6-2, செவ்வாய்
வடலூரில் கதம்பம் வாங்கி வந்தேன். மூக்கில் வைத்துக்கொண்டவள் நான் பேசி முடிக்கும்வரை எடுக்கவில்லை. பூ அவ்வளவு பிடித்ததா?

9-2, வெள்ளி
நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் சத்தம். கூட வேலை பார்க்கும் அய்யாசாமியின் காதருகே போய்க் கத்தினேன். துள்ளி விலகினான். டீ குடிக்கும்போது சொன்னான்: "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வாயி... ஷிஃப்டுக்கே தெரியும்ணே."
என் வாயா? தீபாவளியிலிருந்து அடுப்புக்கு வாங்கும் லெக்கோ கரியை நானே இடித்து, உப்புச் சேர்த்து, அரைமணி நேரம் தேய்க்கிறேன். பல் பளபளவென்று இருக்கிறது. நாம் வெட்டும் கரி நம் பல்லுக்கு ஆகாதா?
அப்போ புஷ்பா... ஐயோ, மானம் போச்சே!

12-2, திங்கள்
வாயைத் திறந்ததும் பல் டாக்டரம்மாவும் காலண்டரைப் பார்த்தார். பிறகு பல்லிடுக்கில் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நெளியுது, சுத்துது, ஓடுது! இதெல்லாம் எனக்குள்ளயா? இத்தனை உயிரை வாயில் வைத்துக்கொண்டு சுத்த சைவம் என்று பீற்றிக்கொண்டேனே.
"கிருமி எல்லார் வாயிலயும் இருக்கும். பல்லுல பிசின் மாதிரி ஒட்டும், விட்டா கல்லாயிடும். நீங்க பல்லை மட்டும் தேய்ச்சீங்க, ஈறு ஓரத்துல அது குடியிருக்கு. கரி வேற ஈறைப் புண்ணாக்கிடுச்சு. அதான் நாத்தம்."
ஷிஃப்டில் தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் கற்கண்டு அடக்கிக்கொள்வதையும் சொன்னேன்.
"அதைத் தின்னுட்டுத்தான் அமிலம் கக்குது, பல்லு ஓட்டையாகுது. அதுங்களுக்குக் கேன்டீன் நடத்துறீங்க!"
ஒரு கடைவாய்ப்பல் போயே போயிற்றாம். மற்றவை பிழைக்கும்.

17-2, சனி
பல்லைப் பிடுங்கினார். மீதியைச் சுரண்டினார். மைன்ஸில் மேல்மண் அள்ளுவதுபோல வந்துகொண்டே இருந்தது.

18-2, ஞாயிறு
பிரஷ் வாங்கினேன். கேன்டீன் மூடப்பட்டது.

4-3, ஞாயிறு
புஷ்பாவின் அண்ணன் ராமசாமி சாப்பிட வந்தார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை. கிருமிக்கு அவர்தான் சப்ளை என்று விளக்கினேன். விட்டிருக்கலாம். "வாயைத் திறங்க மச்சான்" என்று ஷிஃப்ட் டார்ச்சையும் அடித்துவிட்டேன். பாயசம் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்.
"எங்கண்ணன் வாயில டார்ச் அடிக்கிறீங்களா? நேத்துவரைக்கும் உங்க வாயி இருந்த லட்சணத்துக்கு..." என்று ஆரம்பித்தாள் புஷ்பா. முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், முக்கால் மணி நேரம் திட்டினாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.
காலண்டர் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.