இரண்டு வரிசையில் நின்றாலும் ஒரே பதிவு

இன்று காலை யாரோ ஒருவர் பதிவு மேசையின் ஓரத்தில் கோப்பி-ஓ பையைக் கயிற்றோடு மாட்டிவிட்டுப் போனார். சூடான பிளாஸ்டிக்கும் கறுப்புக் கோப்பியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. ஜார்ஜ் டவுன் கடைவீட்டு மாடியில், நம் அலுவலகத்தில், உன் மானிட்டரின் மூலையில் எப்போதும் இப்படி ஒரு பை தொங்கும். ஒருநாள் அது கிழிந்து என் கீபோர்டு செத்தே போனது. "ரொம்ப நாளா தூங்கி வழியுது லா, அதான் கோப்பி குடுத்தேன்" என்றாய். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் உனக்கு எப்போது இருந்தது?

இன்று நான் இருந்தது புக்கிட் தெங்கா மண்டபத்தில், இலவச மருத்துவ முகாமில். நீ கடைசியாகத் திருத்தி எழுதிய கம்ப்யூட்டர் பதிவு நிரல் முதன்முறையாக ஆட்கள் முன்னால் ஓடிய நாள் இது. ஜுரு முகாமில் நடந்ததை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய்.

நம் மக்கள் ஒரு குடும்பமாக வந்தால் ஒரு வரிசையில் நிற்பார்களா? அம்மாவை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு மகள் ஒரு வரிசை, மகன் இன்னொரு வரிசை. எது முதலில் நகர்கிறதோ அதில் அம்மாவுக்குப் பதிவு. ஜுருவில் அன்று இரண்டு வரிசையும் ஒன்றாக நகர்ந்துவிட்டன. இரண்டு பதிவு முகப்பிலும் ஒரே நேரத்தில் அந்த அம்மாவின் அடையாள அட்டையில் இருந்த ஐசி எண்ணைத் தட்டினார்கள். நம் நிரல் முதலில் தேடும், இல்லையென்றால் சேர்க்கும். இரண்டு பக்கமும் தேடியது, இரண்டு பக்கமும் இல்லை என்றது, இரண்டு பக்கமும் சேர்த்தது. மகள் சொன்ன பதிவில் 'பென்சிலின் ஆகாது' என்று இருந்தது. மகன், "ஒன்னுமில்ல லா, அம்மா ஸ்ட்ராங்" என்று சொல்லியிருந்தான். டாக்டர் திறந்தது மகன் சொன்ன பதிவை.

மருந்து கொடுக்கும் இடத்தில் மகள் பெட்டியின் பெயரைப் படித்துவிட்டுக் கத்தினாள். அதனால்தான் தப்பித்தோம். நீ மண்டபத்தின் பின்படியில் உட்கார்ந்துவிட்டாய்.

அடுத்த வாரமே மொத்தத்தையும் பிரித்துப் போட்டாய். தேடுவதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் திருடன் என்றாய். ஒரே ஐசி எண் இரண்டாம் முறை நுழையவே கூடாது என்று டேட்டாபேஸுக்கே கட்டுப்பாடு போட்டாய். பிறகு இரண்டு வேலையையும் டேட்டாபேஸின் எஸ்கியூஎல் மொழியில் ஒரே கட்டளைக்குள் வைத்தாய்: இதைச் சேர், இந்த எண் ஏற்கெனவே இருந்தால் அந்தப் பதிவையே புதுப்பி. நாம் இரண்டு லேப்டாப்பில் உட்கார்ந்து, "ரெடியா? அமுக்கு!" என்று சேர்ந்து அமுக்கிப் பார்த்தோம். ஒரே பதிவுதான் வந்தது. நான் கைதட்டினேன். நீ தட்டவில்லை.

"அக்கா மொத சொல்லிட்டா. பின்னால தம்பி வந்து ஒன்னுமில்லன்னா? புதுப்பிக்கிறேன்னு அக்கா சொன்னத தொடச்சிப் போட்டுரும் டி."

ஒவ்வாமையைக் குறிக்கும் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் தனியாக எழுதினாய். புதிதாக வருவது வெறுமையாக இருந்தால் பழையது அப்படியே நிற்க வேண்டும். ஒவ்வாமையை நீக்க டாக்டரால் மட்டும்தான் முடியும். அது ஒரு முகாமில்கூட ஓடுவதைப் பார்க்காமல், திடீரென்று வந்த காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது, போ. நீ கடைசியாகச் செய்த வேலை யாருக்காவது கெடுதலாகிவிட்டால் அதை நான் எப்படித் தாங்குவேன் என்பதுதான் என் பயம்.

பதினொரு மணி வாக்கில் ஒரு தாத்தா வந்தார். வழக்கம்போல மருமகள் ஒரு வரிசை, மகன் இன்னொரு வரிசை. இரண்டு பேரும் முகப்பை ஒன்றாக நெருங்கினார்கள். மருமகளின் விவரம் முன்னால் போனது, மகனுடையது, ஒவ்வாமைக் கட்டம் வெறுமையாக, அதன் பின்னாலேயே போனது. நான் ஐசி எண்ணைத் தேடினேன். ஒரே பதிவு. மகன் கொடுத்த புதிய கைப்பேசி எண் ஏறியிருந்தது. மருமகள் சொன்ன 'பென்சிலின் ஆகாது' அப்படியே இருந்தது.

டாக்டர் திரையைப் பார்த்து, பென்சிலின் ஆகாதா என்று கேட்டார். மகன் குறுக்கே விழுந்தான். "அலமாக், யாரு சொன்னா? அப்பாவுக்கு அதெல்லாம் இல்லயே!"

"உனக்கு என்னடா தெரியும்? போன வருஷம் ஒடம்பெல்லாம் தடிச்சிப் போயி கெடந்தேன். ஒம் பொண்டாட்டிதான் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போச்சு" என்றார் தாத்தா. டாக்டர் வேறு மருந்து எழுதினார். மூவரும் சண்டை போட்டுக்கொண்டே கிளம்பினார்கள். நான் வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். எத்தனை மாதமாக மனசில் கிடந்த பாரம் அது!

அங்கிருந்தே உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஆன்ட்டி, அவ எழுதுனது இன்னிக்கி நல்லா ஓடுச்சு" என்றேன்.

என்ன ஓடியது என்று அவர் கேட்கவில்லை. "யாருக்கும் ஒன்னும் ஆவலதானே?"

"ஆவல ஆன்ட்டி."

பிறகு சொன்னார்: "அந்த ஜுரு முகாமுக்கப்புறம் அவ ஒருநாளும் ஒழுங்கா தூங்கல மா. படுப்பா, எந்திரிச்சிப் போயி கம்ப்யூட்டரத் தொறப்பா."

எனக்குத் தெரியாது. தூக்கம் வராமல் நீ தவித்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த முகாம் பத்து காவானில். வருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். எந்த வரிசையில் யார் நிற்கிறார்கள், யார் எதைச் சொல்ல மறந்தார்கள் என்ற கவலையை இனி நான் பட்டுக்கொள்கிறேன். நீ தூங்கு டி.