நம் கம்பெனிப் படத்தில் மூன்றாவது கை

திருப்பூர்
ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், 2006

அன்புள்ள மைதிலிக் கண்ணுக்கு,

பனியன் சாம்ராஜ்யத்தின் இளைய அதிபதியும் உன் சித்தப்பனுமாகிய திருமூர்த்தி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. பெற்ற தகப்பன் செக்கில் கையெழுத்துப் போட மட்டுமே பேனா எடுப்பார் என்பதால் உனக்குக் கடிதம் எழுதும் தகப்பன் பதவி வழக்கம்போல எனக்கு. இங்கே எல்லோரும் சுகம், அதாவது மூக்கைப் பொத்திக்கொண்டு எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகம். கம்பெனிக்குப் பின்னால் போகும் சாய ஓடை இந்த வாரம் கத்தரிப்பூ நிறம், நாற்றம் தாங்காமல் கொசுக்களெல்லாம் குடும்பத்தோடு குண்டடம் பக்கம் குடிபோய்விட்டன, மேலே பறந்த காக்கை ஒன்று மயங்கி விழுந்து, எழுந்து, நடந்தே ஊர்போய்ச் சேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? காலையிலும் ரொட்டி, இரவிலும் அதே ஆறிய ரொட்டி என்று நீ போனில் சொன்னதிலிருந்து உன் அம்மா தட்டில் சோறு விழும்போதெல்லாம் ஜெர்மன் தேசத்தையே சபிக்கிறார். அங்கே வியாபார ஜெர்மன் பாடம் என்று முதல் வாரம் முழுக்கப் புகார்க் கடிதம் எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்களாமே. சரக்கு தாமதம், கலர் வித்தியாசம் என்று ஒருத்தனை மரியாதை குறையாமல் திட்டுவதற்கு ஒரு பல்கலைக்கழகம், அதற்கு ஒரு கோடைப் பள்ளி, அதற்கு விமான டிக்கெட்! இங்கே பிறந்த குழந்தைகூட உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா என்று ‘ங்க’ போட்டுத்தான் திட்டும்.

விளையாட்டு இருக்கட்டும், இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை. கடைசி நாளில் ஒவ்வொருவரும் மேடையேறித் தன் கம்பெனியைப் பற்றி ஜெர்மனில் பேச வேண்டும், துணி இறக்குமதி செய்கிறவர்கள் சிலர் வந்து உட்காருவார்கள், நம் படங்களை அனுப்புங்கள் என்று சொன்னாய் பார், அன்றைக்குப் பிடித்தது சனி. உன் அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருடமாக நடுவில் தரகு பார்க்கிற பையிங் ஆபீஸ் ஆர்டர் கொடுத்தால் தையல், கொடுக்காவிட்டால் ஈ ஓட்டல், போன தீபாவளியிலிருந்து பாதி மெஷின் உறை மாட்டிக்கொண்டு தூங்குகிறது. நேராக ஒரு ஆர்டர் உன் மூலமாக வந்தால் கம்பெனி பிழைக்கும், வராவிட்டால் ஷெட்டைக் கோழிப்பண்ணைக்கு விட வேண்டியதுதான். அதனால் என் அண்ணன், திருவாளர் சென்னிமலை, படம் எடுக்க ஃப்ளக்ஸ் கடை மாரிச்செல்வத்தைக் கூட்டிவந்தார். சிவகாசிப் பக்கத்துப் பையன், காலையில் காதுகுத்து பேனர், மாலையில் கண்ணீர் அஞ்சலி பேனர் என்று ஊரையே வாழவைத்துச் சாகடிக்கிறவன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பிரம்மாவுக்கு லீவு. நம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே படங்களை ஏற்றி, கட்டடம் குட்டையா இருக்குண்ணே, தூக்கிருவமா என்றான். அண்ணன் தூக்கச் சொன்னார். நம் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் ஐந்து மாடி ஆயிற்று. முன்னால் புல்வெளி, பின்னால் உடுமலைக் காற்றாலைகள், அதற்கும் பின்னால் பனிமலை. திருப்பூரில் பனிமலை, கண்ணு! ஓடையை என்ன செய்வது என்று கொஞ்சம் திணறினான், பிறகு நீலம் பூசி நீச்சல்குளமாக்கி இரண்டு அன்னங்களை மிதக்கவிட்டான். அந்தத் தண்ணீரில் நிஜ அன்னத்தை விட்டால் மூக்குகூட மிஞ்சாது. ஆனாலும் சிரித்தேன், எனக்கும் ஒரு கோட்டு மாட்டிவிடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சிரிப்பு செக்கிங் மேஜைப் படம் வந்ததும் நின்றது. உன் அம்மாவும் ரங்காத்தாளும் மற்றப் பெண்களும் உட்கார்ந்து தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த படம். பளிச்சுனு இல்லையேண்ணே என்றான் மாரிச்செல்வம். ஆளை மாத்திருப்பா என்றார் உன் அப்பா. எங்கிருந்தோ வெள்ளைக்காரிகள் இறங்கினார்கள், வெள்ளைக் கோட்டு, தொப்பி, வாய் நிறையப் பல். ஒவ்வொருத்தராக நம் பெண்கள் மறைந்தார்கள். டீ கொண்டுவந்த ரங்காத்தாள் எட்டிப் பார்த்து, ஏனுங்க இதுல நாங்கெல்லாம் எங்கீங்க என்று கேட்டாள். ஜெர்மன்காரனுக்கு இப்படித்தான் புடிக்கும் என்றார் அண்ணன். அப்ப அந்த வெள்ளச்சியே வந்து பிசுறு வெட்டட்டுங்க என்று சொல்லி டீயை வைக்காமலே திரும்பிப் போய்விட்டாள். உன் அம்மா இருந்த இடத்தில் பொன்னிற முடிக்காரி ஒருத்தி, அவளுக்கு எப்படி எண்ணினாலும் மூன்று கை. இரண்டு அவளுடையவை. மூன்றாவது மேஜைமேல் பனியனை அமுக்கிப் பிடித்திருந்தது, பச்சைக் கண்ணாடி வளையல், கட்டைவிரலுக்குக் கீழே அயர்ன் பாக்ஸ் சுட்ட தழும்பு. அது யார் கை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மாவும் அப்போது அங்கேதான் நின்றிருந்தார். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். உன் அப்பா அதைக் கவனிக்காமல், அந்தக் கையையும் அழிச்சுரு என்றார்.

சாய ஓடை நாற்றம் மூக்கோடு நின்றுவிடும், இது நெஞ்சுக்குள் போய்விட்டது. ஏனுங்கண்ணா, கையையும் அழிச்சுட்டா பனியனை ஆருங்க புடிச்சுக்குவாங்க என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு வாய் மட்டுந்தாண்டா மூர்த்தி, ஆர்டர் இல்லீன்னா இவங்களுக்கெல்லாம் நீயா சோறு போடுவே என்றார். ஊரையே வாயடைக்கிற இந்தச் சித்தப்பன், கண்ணு, ரங்காத்தாள் திருப்பிக்கொண்டு போன டீயைத் தேடி வெளியே போய்விட்டான். அவர் கெட்டவரில்லை, பயந்துபோயிருக்கிறார், அதுதான் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மறுநாள் அவர் பேங்குக்குப் போன நேரம் மாரிச்செல்வம் தானாகவே கேமராவோடு வந்து தலைகுனிந்து நின்றான். உள்ளது உள்ளபடி எடுக்கச் சொன்னேன். ஒழுகுகிற கூரை, அடியில் வாளி, கத்தரிப்பூ ஓடை, மேஜை, மேஜையைச் சுற்றி நம் ஆட்கள். உன் அம்மாவைச் சிரிக்கச் சொன்னேன். வேலை நேரத்துல என்னத்துக்குங்க தம்பி சிரிப்பு என்று சொல்லிவிட்டுப் பிசிறு வெட்டினார், கை மட்டும் முந்தானையை விட்டு வெளியே வந்தது, எனக்கு அது போதும்.

ஆர்டர் போனால் போகட்டும் என்று சொல்லுகிற மகான் நான் இல்லை. ஆர்டர் வேண்டும். நிஜத்தைக் காட்டியே வாங்கு. ஐந்து மாடியைத் தேடி வருகிறவனுக்கு நான் எங்கே போய் அன்னம் பிடிப்பேன்? ஓடையைப் பற்றிக் கேட்டால் நாறுகிறது என்றே சொல், நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் சாயமும் அதில் ஓடுகிறதுங்க என்றும் சேர்த்துச் சொல். தையலைப் பற்றிக் கேட்டால் இழுத்துப் பார்க்கச் சொல், பிரிந்தால் என் மீசையை எடுத்துக்கொள்ளட்டும். அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், யாருக்கும் பிடிக்காமல் நீ வெறுங்கையோடு வந்தாலும் இந்த வீட்டில் உனக்குச் சுடுசோறு உண்டு.

கோடையானாலும் குளிருக்குக் காதை மூடிக்கொள், வாரம் ஒருமுறையாவது தலைக்கு எண்ணெய் வை, பருப்புப்பொடி டப்பாவைக் கண்டவர்களுக்கெல்லாம் வாரி வழங்காதே. சிவன்மலை முருகன் உன் நாக்கில் உட்கார்ந்து பிழையில்லாமல் ஜெர்மன் பேசட்டும், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கவரில் நிஜப் படங்கள் உள்ள ஒரே ஒரு சிடிதான் இருக்கும், இன்னொன்றைத் தேடாதே. உன் அப்பா கொடுத்த பனிமலை சிடி என் சட்டைப் பையில் இருக்கிறது, அனுப்பிவிட்டதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீ மேடையில் பேசி முடித்ததும் அவர் போன் போட்டுப் பனிமலையைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று கேட்பார். சித்தப்பன் அதை அனுப்பவே இல்லை என்று சொல்லிவிடு, வருகிற திட்டு முழுவதும் என் பங்கு. மேடையில் அந்த மேஜைப் படம் வரும்போது மட்டும் அவசரப்பட்டு அடுத்த படத்துக்குப் போய்விடாதே, கண்ணு.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்
திருமூர்த்தி