கட்டுச்சோற்று விருந்துக்கு முன் தடுக்க வேண்டிய பச்சைப் பொடி

அனுப்புநர்:
கு. தேவிப்ரியா,
த/பெ. குழந்தைவேல் (காலஞ்சென்றவர்),
உணவு அறிவியல் ஆய்வு மாணவி,
மகளிர் விடுதி, அஸ்தம்பட்டி,
சேலம் – 636 007.

பெறுநர்:
மாவட்ட நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
நாமக்கல் மாவட்டம்.

பொருள்: புதுச்சத்திரம் அருகே தயாராகும் 'மரகதத் தளிர்' சத்துப் பொடி – மரவள்ளித் தழையின் நச்சு நீக்கப்படாமல் விற்கப்படுவது – வரும் ஞாயிறு (16.02.2025) நடக்கும் விருந்தில் பெண்களுக்கு வழங்கப்பட இருப்பது – அதற்கு முன் மாதிரி எடுத்துச் சோதித்துத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தப் பொடியைத் தயாரிப்பவருக்கு நான் பகையாளி அல்ல. அவர் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. பிறகு யாராவது வந்து சொல்லித் தாங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

1. சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் மரவள்ளித் தழையைப் பற்றி ஆய்வு செய்து வருகிறேன். எங்கள் பக்கத்தில் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். கிழங்கைப் பிடுங்கி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு ஏற்றிவிட்டு, தழையை வரப்பில் போட்டுவிடுவதுதான் வழக்கம். அந்தத் தழையில் புரதமும் இரும்புச்சத்தும் ஏராளம். கூடவே லினமரின் என்றொரு இயற்கைச் சேர்மமும் இருக்கிறது. உடலுக்குள் போய் அது உடைந்தால் சயனைடு வெளிப்படும். பச்சைத் தழையை மேய்ந்த ஆடு மூச்சுத் திணறி விழுவதற்குக் காரணம் அதுதான். இயற்கையானது என்றாலே நல்லதுதான் என்று மேடைதோறும் பேசுகிறவர்கள் எங்கள் ஊர் ஆடுகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாம்.

2. நச்சைப் போக்க வழி இருக்கிறது. அதை உடைக்கிற நொதியும் அதே தழைக்குள்ளேயே இருக்கிறது. தழையை நன்றாக அரைத்தால் இரண்டும் ஒன்று சேர்ந்து, நச்சு வாயுவாகப் பிரிந்து காற்றோடு போய்விடும். அரைத்த விழுதைக் காற்றோட்டமான இடத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். பிறகு திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்து, தண்ணீரை வடித்து, அதற்கப்புறம்தான் உலர்த்த வேண்டும். என் ஆய்வின் சாரம் இவ்வளவுதான். இப்படிச் செய்த பொடியில் நச்சு மிகமிகக் குறைவு. சத்தில் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. ஆனால் நிறம் மங்கிப்போகும். காக்கித் துணியைத் துவைத்த தண்ணீர் போல இருக்கும்.

3. என் அக்காள் சுகன்யாவின் கணவர் திரு. முருகானந்தம், சேகோ ஆலை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். என் அப்பா இறந்த பிறகு என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கல்லூரியில் சேர்த்தவர் அவர்தான். அவரைக் கெட்டவர் என்று எழுத என் கை வராது. எழுதினால் அது பொய். என் ஆய்வைக் கேட்டுவிட்டு, வரப்பில் வாடுகிற தழையை நம் ஊர்ப் பெண்களுக்கு உணவாக்கலாம் என்று ஆசைப்பட்டுத்தான் ஆலையின் ஒரு பகுதியில் இந்தப் பொடியைத் தொடங்கினார். தொடக்கத்தில் நான் சொன்ன முறைப்படியே செய்தார். நானே அருகில் நின்று பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இந்த மனுவில் எழுத இடமில்லை.

4. பொடி விற்கவில்லை. செவ்வாய்பேட்டையில் ஒரு கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மூக்குப்பொடியாட்டம் இருக்குதுங்க, இதை எவன் வாங்குவான்?" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். சேகோ தொழிலில் நிறம்தான் எல்லாம் என்பது தாங்கள் அறிந்ததே. ஜவ்வரிசி எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு மதிப்பு. அந்தக் கண்ணோடு பிறந்து வளர்ந்தவர் முருகானந்தம் மாமா. வெள்ளைக்குப் பதில் பச்சை என்று கணக்கை மாற்றிப் போட்டுக்கொண்டார். அரைத்து ஆறவிடுவதால்தான் நிறம் போகிறது என்று கண்டதும், அதை அடியோடு நிறுத்திவிட்டார். இப்போது தழையை முழுதாகவே, மாவு உலர்த்தும் டிரையரில் போட்டுச் சூடான காற்றில் சடுதியில் காய வைத்துப் பொடிக்கிறார்கள். பொடி கிளிப்பச்சையாக வருகிறது. நச்சு அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. கடும் சூடு பட்டதும் முதலில் சாவது அந்த நொதிதான். அது செத்துவிட்டால் நச்சை உடைக்க ஆளில்லை. மீதி வேலை சாப்பிட்டவரின் குடலுக்குள் நடக்கிறது.

ஐயா, வெயிலில் மெல்ல வாடி உலர்ந்த தழையை எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குப் போடுகிறார்கள், ஆடும் தின்கிறது. மாமா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். காய்வது எப்படிக் காய்ந்தால் என்ன என்பது அவர் வாதம். மெல்லக் காய்கிறபோது நச்சு உடைந்து வெளியேற நேரம் கிடைக்கிறது, டிரையரில் கிடைக்கவில்லை என்பதை நான் படம் போட்டு விளக்கியும் அவர் காதில் ஏறவில்லை. இப்போது பொடி நன்றாக விற்கிறது. பனமரத்துப்பட்டிப் பக்கமெல்லாம் கடைகளில் கிடைக்கிறது.

5. பொட்டலத்தின் பின்புறம், "முனைவர் கு. தேவிப்ரியா அவர்களின் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு இன்னும் அந்தப் பட்டம் வரவில்லை. பல்கலைக்கழகம் தராததை மாமா தந்துவிட்டார். நிரூபித்தது வேறு பொடி, விற்பது வேறு பொடி என்பதைப் படித்து அறிய வாங்குகிறவர்களுக்கு வழியே இல்லை.

தனியார் ஆய்வகச் சான்றிதழ் ஒன்றும் அவரிடம் இருக்கிறது. ஆய்வுக்கு வரும் எவருக்கும் அதை முதலில் நீட்டுவார். புரதம், இரும்பு, ஈரப்பதம், கிருமி – எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறது. அது பொய்ச் சான்றிதழ் அல்ல. சயனைடு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு ஆய்வகத்தார் பதில் சொல்லவில்லை.

6. இனி நான் சொல்லப்போவது என் அக்காளைப் பற்றி. புகார் மனுவில் குடும்பக் கதை எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். அவளுக்காகத்தான் இந்த மனுவே.

திருமணமாகிப் பல ஆண்டுகளாக அவளுக்குக் குழந்தை இல்லை. ஏறாத மருத்துவமனை இல்லை, கேட்காத பேச்சு இல்லை. பொடி தொடங்கிய புதிதில், அதாவது முறையாகச் செய்த காலத்தில், அவளும் தினமும் குடித்து வந்தாள். அந்தச் சமயத்தில் கர்ப்பம் தங்கியது. பொடியால்தான் தங்கியது என்று அவள் உறுதியாக நம்பிவிட்டாள். மாமாவும் நம்புகிறார். கடைக்காரர்களிடம், "என்ற சம்சாரமே தெனமும் குடிக்கறாளுங்க, வேற என்ன சாட்சி வேணும்?" என்று சொல்லித்தான் விற்கிறார். பொடியின் முறை மாறியது. அவள் குடிப்பது மட்டும் மாறவில்லை.

இப்போது ஏழாம் மாதம். வாந்தி நிற்கவில்லை. குடித்த சற்று நேரத்தில் தலை சுற்றுகிறது, மண்டை வலிக்கிறது என்கிறாள். மசக்கை என்கிறார்கள். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை? குழந்தையின் எடை மாதத்துக்கு ஏற்றபடி ஏறவில்லை, சத்தாகச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு இந்தப் பொடியைப் பற்றி எதுவும் தெரியாது. சத்து போதவில்லை என்றதும் வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? காலையில் மட்டும் குடித்துக்கொண்டிருந்தவளுக்கு மாலையிலும் ஒரு டம்ளர் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அவளுடைய உடல்நிலைக்கு இந்தப் பொடிதான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. அது மருத்துவர் சொல்ல வேண்டியது. ஆனால் சயனைடு உள்ளதைத் தினம் இருவேளை குடிக்கும் கர்ப்பிணியைப் பார்த்துக்கொண்டு, காரணம் தெரியும்வரை காத்திருக்க என்னால் முடியாது.

7. அக்காள் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தேன். பொடியையும், நச்சை உடைக்கும் நொதியையும் மூடிய குப்பியில் கலந்து, மேலே மஞ்சள் நிறச் சோதனைத் தாளைத் தொங்கவிட்டேன். சயனைடு வெளிவந்தால் தாள் செங்கல் நிறமாகும். ஆனது. நம்பிக்கையில்லாமல் மறுபடியும் செய்தேன், மறுபடியும் ஆனது. நொதி சேர்க்காத குப்பியில் தாள் பெரிதாக மாறவில்லை என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மேலோட்டமாகச் சோதித்தால் இந்தப் பொடி தப்பித்துவிடும்.

8. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு புதுச்சத்திரம் போனேன். மாமா முதலில் சிரித்தார். பிறகு, தொழில் சூடுபிடிக்கிற நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்தே குழி பறிக்கிறாயா என்று கேட்டார். அக்காளுக்குத் துணையாக அங்கே இருக்கும் என் அம்மா ராசாத்தி என்னைத் தனியே அழைத்துப்போய், "இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் அவ மொகத்துல சிரிப்பப் பாக்கறேன். அவ குடியக் கெடுத்துப்போட்டுறாத சாமி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அக்காள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பொட்டலத்தைத் திருப்பி என் பெயரைக் காட்டி, "நீ எழுதுனதத்தான பாப்பா நான் குடிக்கறேன்? உன்ற பேரு போட்ட பொடி என்ற புள்ளைய என்ன பண்ணிப்போடும்?" என்றாள். சொல்லிவிட்டு, என் கண்ணெதிரிலேயே டம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தட்டிவிட்டிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். தட்டித்தான் விட்டேன். அது அவள் அடுத்து எடுத்த இரண்டாவது டம்ளர்.

9. வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கட்டுச்சோற்று விருந்து. பிறந்த வீட்டார் விதவிதமான சோறு கட்டி எடுத்துப்போய், கர்ப்பிணிக்கும் வந்தவர்களுக்கும் பரிமாறுவது எங்கள் வழக்கம். நான்தான் தங்கை; நான்தான் சுமந்துபோக வேண்டும். வருகிற பெண்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில் வெற்றிலை, தேங்காயோடு ஒரு பொட்டலம் மரகதத் தளிரும் போட்டுக் கொடுக்க மாமா ஏற்பாடு செய்திருக்கிறார். உறவில் மாசமாக இருக்கும் பெண்களையும், குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களையும் வீடு வீடாகத் தேடிப்போய் அழைத்திருக்கிறார்கள். சுகன்யாவைப் பார்த்து அத்தனை பேரும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கரைத்துக் குடிப்பார்கள். ஏக்கத்தோடு வருகிற பெண்ணின் கையில் இதைக் கொடுப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எனவே தங்களிடம் நான் கேட்பவை:

அ) ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பாகத் தயாரிப்பு இடத்தில் நேரில் ஆய்வு செய்து, சட்டப்படி மாதிரி எடுக்க வேண்டும். அரசு ஆய்வகத்தில் சயனைடுக்கு என்று குறிப்பிட்டு, நொதி சேர்த்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். வெறுமனே தரம் பார்க்கச் சொன்னால் பயனில்லை.

ஆ) முடிவு வரும்வரை இருப்பில் உள்ள பொட்டலங்களை வெளியே விடாமல் நிறுத்திவைக்க வேண்டும். தாம்பூலப் பைக்கு எடுத்துவைத்தவை ஆலையில் அல்ல, வீட்டு மாடியில் இருக்கின்றன. கடைகளுக்குப் போனவற்றையும் திரும்பப் பெறச் செய்ய வேண்டும்.

இ) என் பெயரை உறையிலிருந்து நீக்க உத்தரவிட வேண்டும்.

ஈ) திரு. முருகானந்தம் முறையாகத் தயாரிக்க முன்வந்தால் அதற்கு அனுமதி மறுக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தழையில் குற்றமில்லை. பக்குவப்படுத்த நானே போய் நிற்பேன், அவர் என்னை வாசலுக்குள் விட்டால்.

கடைசியாக ஒன்று. புகார் கொடுத்தவரின் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்று தங்கள் அலுவலக உதவியாளர் தொலைபேசியில் அன்போடு சொன்னார். அவருக்கு என் நன்றி. ஆனால் தயவுசெய்து என் பெயரை மறைக்காதீர்கள். மறைத்தால், போட்டி ஆலைக்காரன் எவனோ பொறாமையில் செய்தான் என்று பேசிக்கொள்வார்கள். அக்காளும் அப்படித்தான் நம்புவாள். கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பாள். தாங்கள் அந்த வீட்டுக்குப் போகும்போது இந்த மனுவை அவளிடமே காட்டுங்கள். கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும். என் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளே அவள்தான். விளையாட்டுக்கு இப்படிச் செய்கிறவள் அல்ல நான் என்பதும் அவளுக்குத் தெரியும். கூடப்பிறந்தவளின் விருந்து நெருங்கும் நேரத்தில் அவள் வீட்டுக்கு அதிகாரிகளை அனுப்பும் அளவுக்கு நான் போயிருக்கிறேன் என்றால், விஷயம் எவ்வளவு பெரியது என்று அப்போதாவது அவளுக்கு உறைக்கும். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசமாட்டாள். பேச வேண்டாம் ஐயா. அந்த டம்ளரை அவள் கீழே வைத்தால் போதும்.

விரைந்து வருவீர்கள் என்று காத்திருக்கும்,

(ஒப்பம்)
கு. தேவிப்ரியா

இடம்: சேலம்
நாள்: 12.02.2025

இணைப்பு:
1. பிரிக்கப்படாத 'மரகதத் தளிர்' பொட்டலம் ஒன்று.
2. சோதனைத் தாள்கள், தனித்தனி உறைகளில்.
3. தயாரிப்பு முறை பற்றிய என் ஆய்வுப் பகுதியின் நகல்.