அம்மாவிடமிருந்து அக்காவுக்கு

ஜனவரி 7, செவ்வாய்

சாவி சத்தத்துக்கு முன்னால் மூச்சு சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே யாரோ புஸ்புஸ் என்று நிற்கிறார்கள் என்று பயந்து துளை வழியாகப் பார்த்தேன். அம்மா. ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கை இடுப்பில். மூன்று மாடியும் படியில் ஏறி வந்திருக்கிறாள்.

"லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்லியே" என்று சொல்லிவிட்டு நேரே குளிக்கப் போய்விட்டாள்.

லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. நான் அதில்தான் வந்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

இன்றும் படி. டீயில் சர்க்கரையும் போடவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால்தான் அதிசயம்.

ஜனவரி 12, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

அக்காவும் மாமாவும் காலையிலேயே வந்தார்கள். டிவியை அணைத்துவிட்டு என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டில் டிவியை அணைத்தால் விஷயம் பெரிது.

அக்காவுக்குப் பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லை. இது எனக்கு முன்பே தெரியும். அவளுக்குப் பதினேழு வயதில் ஸ்கேனில் கண்டுபிடித்தார்கள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. அவளும் மாமாவும் போன வருடம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து கருக்களை உறைய வைத்திருக்கிறார்கள். அவை வளர ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடத்தை அம்மா கொடுக்கப் போகிறாள். அவளுடையதை எடுத்து அக்காவுக்கு வைப்பார்கள். நான் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில்! அம்மா நான்கு மாதமாக அங்கே டெஸ்டுக்கு வந்து போயிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. டாக்டர் ஆறு கிலோ குறைக்கச் சொன்னாராம். அதற்குத்தான் படி.

அப்பா, "ஒரு பல்லு புடுங்குறதுக்கே மூணு நாள் அழுதவ நீ" என்றார்.

"பல்லு எனக்கு வேணும், அழுதேன். இது சும்மாதானே கெடக்கு" என்றாள் அம்மா. "இவங்க ரெண்டு பேரும் காலி பண்ணிட்டுப் போன வீடு. பூட்டி வச்சு என்ன பண்றது?"

அப்பா சிரித்தார். பிறகு எழுந்து பால்கனிக்குப் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

"ஏன் எங்கிட்ட மட்டும் சொல்லல?" என்று அக்காவைக் கேட்டேன். மாமா முந்திக்கொண்டார். "சொன்னா நீ ஊரெல்லாம் பரப்பிடுவியேன்னு பயந்துட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஒரு நாளைக்கு நான் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று சொல்பவரே மாமாதான்.

ஜனவரி 13, திங்கள்

வேலையில் கருவிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து வரும் கருவிகளைக் கழுவி, சோதித்து, செட் செட்டாகக் கட்டுவது என் வேலை. அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பத்தாவதில் வாய்மொழித் தேர்வன்று வாசல் வரை போய்த் திரும்பி வந்தவள், அதற்குப் பிறகு போகவே இல்லை. இங்கே யாரும் வாசிக்கச் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்தவை சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷனின் நீளக் கம்பிகள். முழங்கை நீளம், பென்சில் பருமன், நுனியில் குட்டி அலகு. நான் அவற்றைக் கொக்கு என்பேன். மனசுக்குள்தான்.

பிப்ரவரி 21, வெள்ளி

அம்மா நாலரை கிலோ குறைந்துவிட்டாள். இன்று டாக்டரம்மாவிடம் நானும் கூடப் போனேன்.

முதலில் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார்கள். என்ன கேட்டார்கள் என்று அப்பா துருவித் துருவிக் கேட்டு வாங்கினார். கடைசி நாள் வரைக்கும் வேண்டாம் என்று சொல்லலாமாம். சொன்னால், ஏதோ டெஸ்ட் சரியில்லை என்று டாக்டரம்மாவே வீட்டுக்குச் சொல்லிவிடுவாராம். யாரும் அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

"நீ என்ன சொன்னே?"

"நாலரை கிலோ குறைச்சது வீணாப் போயிடுமேன்னு சொன்னேன்."

பிறகு டாக்டரம்மா எங்கள் எல்லோருக்கும் படம் போட்டுக் காட்டினார். முன்பெல்லாம் கொடுப்பவருக்கும் வயிற்றை நீளமாகக் கிழிக்க வேண்டியிருந்ததாம். இப்போது ஐந்து சின்னத் துளைதான். அதற்காகச் சுலபம் என்று நினைக்கக் கூடாது என்றார். நூல் மாதிரியான ரத்தக் குழாய்களை அறுந்துவிடாமல் பிரித்தெடுக்க வேண்டும். பக்கத்திலேயே சிறுநீர்க் குழாய் ஓடுகிறது. எட்டு மணி நேரமும் ஆகலாம். அக்காவுக்கு மட்டும் வயிற்றைத் திறந்துதான் வைத்துத் தைக்க முடியும்.

"அஞ்சு சின்ன ஓட்டை வழியா அவ்ளோ பெரிசை எப்படி எடுப்பீங்க?" அப்பாவுக்கு அதுதான் கவலை.

டாக்டரம்மா என்னையும் அக்காவையும் பார்த்தார். "இவங்க ரெண்டு பேரும் வந்த வழியாவே வரும்."

அப்பா காதெல்லாம் சிவந்துபோய் கூரையைப் பார்த்தார். அம்மாவும் அக்காவும் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டார்கள்.

எனக்கு மனசில் ஒன்றுதான் ஓடியது. அந்தக் கொக்குகளை நான் கழுவியிருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

தேதி கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 16.

எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கென்று கேட்டிருந்தால் அம்மா கொடுத்திருப்பாளா? கொடுத்திருப்பாள். தெரியும். தெரிந்தும் ஏன் கேட்கிறேன்?

எனக்கு முதல் தடவை வந்தபோது வயது பன்னிரண்டு. அம்மா துணிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அக்கா கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் இதைப் பிரி, இந்தக் காகிதத்தை உரி, இறக்கையை அடியில் மடித்து ஒட்டு. அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். பல வருடப் பழக்கம் போலும் என்று நினைத்தேன்.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருந்ததை வாசித்திருக்கிறாள். அவளுக்கு அது தெரியாது. அவளுக்கு வந்ததே இல்லை. எனக்கு இது தெரிய இரண்டு வருடம் ஆனது.

எனக்கென்று கேட்டிருந்தால் என்ற கேள்வியை இதோடு விட்டுவிடுகிறேன்.

ஏப்ரல் 12, சனி

கடைசி வேலை நாள். திங்கள் முதல் பத்து நாள் லீவு.

மாலையில் ஒரு கொக்கிக் கம்பியில் கீறல் பார்த்தேன். அதன் மேலிருக்கும் கறுப்பு உறையில், முடி அளவு. அந்தக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சித்தான் திசுவை வெட்டுவார்கள். நுனியில் மட்டும்தான் சுட வேண்டும். உறை கிழிந்திருந்தால் டாக்டர் பார்க்காத இடத்தில் சுடும். 'கீறல்' என்று சீட்டு எழுதி, கைப்பிடியில் ஒட்டி, ரிப்பேர் தட்டில் வைத்தேன்.

அடுத்த ஷிஃப்டுக்கு வருபவரிடம் வாயாலும் சொல்ல வேண்டும் என்பது விதி. அங்கே நான்கு பேர் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். சீட்டு இருக்கிறதே.

ஏப்ரல் 16, புதன்

ஆஸ்பத்திரி காத்திருப்புக் கூடம். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அம்மாவை ஆறே முக்காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "அடுப்ப அணைச்சியா?" என்று அப்பாவிடம் கேட்டாள். கூடத்தில் குளிராக இருந்தது. என் ஸ்வெட்டர் வேலை அறை அலமாரியில் இருப்பது நினைவுக்கு வந்தது. எடுக்கக் கீழே போனேன்.

தொட்டி விளிம்பில் ஒரு சீட்டு, ஈரத்தில் ஊறி ஒட்டிக் கிடந்தது. என் கையெழுத்து. 'கீறல்'.

ரிப்பேர் தட்டு காலி. ஷிஃப்டில் இருந்த பெண்ணிடம், "ரிப்பேர்காரர் வந்தாரா?" என்றேன். "இந்த வாரம் வரவே இல்லியே" என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. ஈரக் கைப்பிடியில் ஒட்டிய சீட்டு விழுந்துவிட்டது. சுத்தமாக, சீட்டில்லாமல் தட்டில் கிடந்த கம்பியைப் பார்த்தவர்கள், ரிப்பேர் ஆகித் திரும்பி வந்தது என்று நினைத்துச் செட்டில் சேர்த்துவிட்டார்கள். அந்த மாதிரிச் செட் இரண்டுதான். ஒன்று அலமாரியில். ஒன்று மேலே — அம்மாவிடம்.

சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தை. வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.

சுவரில் ஆபரேஷன் தியேட்டருக்குப் பேசும் ஃபோன் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் நான் தொட்டதே இல்லை. எடுத்தேன்.

"தியேட்டர்."

ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஹலோ? யாருங்க? வச்சிடவா?"

"வைக்காதீங்க!" அந்தச் சத்தம் என்னுடையதுதானா? "அந்த செட்ல கொக்கிக் கம்பி இருக்கு. அதை எடுக்காதீங்க. உறையில கீறல் இருக்கு. நான்தான் பாத்தேன். பாத்துட்டுச் சொல்லாம விட்டுட்டேன்."

"நீ யாரு?"

"கீழ கருவி கழுவுறவ. உள்ள இருக்கிறது என் அம்மா."

அவர் யாரிடமோ கேட்பது கேட்டது. தட்டு நகரும் சத்தம்.

"கைப்பிடிக்குக் கீழ ரெண்டு விரல் தள்ளியா?"

"ஆமா."

"இருக்கு. இன்னும் ஆரம்பிக்கல. வேற ஒண்ணு அனுப்பும்மா, சீக்கிரம்."

அலமாரியில் இருந்த செட்டை எடுத்தேன். சோதனைச் சீட்டை இரண்டு முறை பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணையும் பார்க்கச் சொன்னேன். குட்டி லிஃப்டில் வைத்து மேலே அனுப்பினேன். ஸ்வெட்டரை மறந்துவிட்டேன்.

மாலை 4.10. அம்மாவுக்கு முடிந்தது. நன்றாக இருக்கிறாள். அக்காவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இரவு 8.30. டாக்டரம்மா வெளியே வந்தார். ரத்தக் குழாய்களை இணைத்ததும், வெளிறிக் கிடந்தது நிமிடத்தில் ரோஜா நிறமானதாம். மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

எங்கள் மேற்பார்வையாளரிடம் நானே போய்ச் சொன்னேன். எந்நேரமும் பூதக்கண்ணாடியோடு திரிவதால் அவருக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். நன்றாகத் திட்டினார். "சீட்டுக்குக் கால் இருக்கா, வந்து எங்கிட்ட சொல்ல? உனக்கு இருக்குல்ல?" சீட்டில்லாத கம்பியைச் செட்டில் சேர்த்தவருக்கும் கிடைத்தது. இனி ரிப்பேர் கம்பிக்குச் சிவப்புப் பையாம், சீட்டு அதற்குள்ளேயே.

போகும்போது கூப்பிட்டார். "ஃபோன்ல கத்தினியாமே. மேல எல்லாரும் கேட்டாங்க, யாரது புதுசான்னு."

ஏப்ரல் 21, திங்கள்

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். லிஃப்டில். டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை. ஐந்து பிளாஸ்டரையும் அப்பாவிடம் காட்டி, "பாத்தியா, சட்டைக்குப் பட்டன் வச்ச மாதிரி" என்றாள்.

மே 2, வெள்ளி

அக்காவும் மாமாவும் எங்கள் வீட்டில்தான். ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் மூன்று மாதம் இங்கேயே. அக்காவின் மாத்திரைப் பெட்டியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. புது உறுப்பை உடம்பு விரட்டாமல் இருக்க அத்தனை. மாமா பாத்திரம் தேய்க்கிறார். "இனி ஜென்மத்துக்கும் அத்தைய எதுத்துப் பேச முடியாது" என்று புலம்பிக்கொண்டே.

மே 8, வியாழன்

கர்ப்பப்பையிலிருந்து சோதனைக்கு எடுத்த சதையில் ஏதோ இருக்கிறதாம். அக்காவின் உடம்பு அதை அந்நியம் என்று நினைக்கத் தொடங்கியிருக்கிறது. மூன்று நாள் ஊசி. சரியாகாவிட்டால் எடுத்துவிட வேண்டியிருக்கும்.

அம்மா அக்காவின் அறை வாசலில் நின்று, "அது உன்னையே சுமந்ததுடி. உனக்கு அந்நியமா?" என்றாள். யாரிடம் சொன்னாள்? அக்காவிடமா, அதனிடமா?

மே 12, திங்கள்

அடங்கிவிட்டது. இரண்டாவது சோதனை சுத்தம்.

இனி ஒன்றுதான் பாக்கி. அது தன் வேலையைச் செய்கிறதென்றால் மாதவிலக்கு வர வேண்டும். வந்தால்தான் பிற்பாடு கரு வைக்க முடியும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லோரும் காலண்டரைப் பார்க்கிறோம்.

மே 19, திங்கள்

வேலையில் இன்று கைப்பிடி ஆடும் கத்தரி ஒன்று. சிவப்புப் பையில் போட்டேன். ஷிஃப்ட் மாறும்போது சொன்னேன். ஐந்து பேர் இருந்தார்கள்.

மே 24, சனி

காலையில் அக்கா குளிக்கப் போனாள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, கதவுக்கு உள்ளிருந்து என் பெயர். மெல்ல.

கதவருகே போனேன். "என்னக்கா?"

"வந்திருக்கு."

அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "அம்மாவக் கூப்பிடவா?"

"கூப்பிடலாம், இரு. முதல்ல — எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. பாக்கெட்ல எழுதியிருக்கிறதெல்லாம் மறந்துபோச்சு."

இருபத்தாறு வயது.

அலமாரியிலிருந்து என் பாக்கெட்டை எடுத்துக் கதவு இடுக்கில் நீட்டினேன். ஈரக் கை ஒன்று வாங்கிக்கொண்டது. கூடத்தில் அப்பாவும் மாமாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, டிவி சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி, முதலில் எதைப் பிரிக்க வேண்டும் என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.